எந்த கிரியேட்டின் வாங்கலாம்? ஒரு கிராம் கணக்கு

ஜிம்முக்குப் போற பலருக்கும் இருக்கிற சந்தேகம் இது: "மோனோஹைட்ரேட் வாங்கவா, எச்.சி.எல் வாங்கவா? விலை ஏன் இவ்வளவு வித்தியாசம்?" நான் ஆடிட்டர், டாக்டர் இல்லை. ஆனா ரெண்டு டப்பாவையும் பக்கத்துல வச்சு, எது கொடுத்த காசுக்கு வொர்த்துன்னு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

முதல்ல அடிப்படை. கிரியேட்டின் நம்ம உடம்பே தயாரிக்கிற பொருள்தான். மீன், இறைச்சியிலயும் இருக்கு. வெயிட் தூக்கும்போது தசைக்கு உடனடி சக்தி கிடைக்க இது உதவுது. அதனால ஒண்ணு ரெண்டு ரெப்ஸ் கூடுதலாப் போடலாம். அந்தக் கூடுதல் உழைப்புதான் மாசக்கணக்குல தசையா மாறும். வொர்க்அவுட் இல்லாம பவுடரை மட்டும் குடிச்சா பெரிய பலன் இல்லை.

வகைகள் என்னென்ன?

மோனோஹைட்ரேட்: அதிகமா ஆராய்ச்சி செய்யப்பட்டது இதுதான். விலையும் குறைவு. 'மைக்ரோனைஸ்டு'ன்னு போட்டிருந்தா, அதே பொருளை இன்னும் நைஸா அரைச்சிருக்காங்க, அவ்வளவுதான்.

எச்.சி.எல்: தண்ணீர்ல நல்லாக் கரையும், உண்மை. ஆனா மோனோஹைட்ரேட்டையே உடம்பு கிட்டத்தட்ட முழுசா உறிஞ்சிக்குது. நல்லாக் கரையுறதால தசை கூடுதலா வளரும்னு நிரூபணம் ஆகலை.

பஃபர்டு: 2012ல வெளியான ஆய்வுல, மோனோஹைட்ரேட்டை விட எந்த வகையிலும் மேல்னு தெரியலை.

எத்தில் எஸ்டர்: 2009 ஆய்வுல இது ரத்தத்துல கிரியேட்டினின் என்ற கழிவுப் பொருளைத்தான் அதிகமாக்குச்சு. இதைத் தொடவே வேண்டாம்.

இன்டர்நேஷனல் சொசைட்டி ஆஃப் ஸ்போர்ட்ஸ் நியூட்ரிஷன் அமைப்பும் 2017ல மோனோஹைட்ரேட்டுக்குத்தான் முதலிடம் கொடுத்துச்சு.

இப்போ நம்ம கணக்கு

எடையில மோனோஹைட்ரேட்ல சுமார் 88% கிரியேட்டின், எச்.சி.எல்-ல சுமார் 78%. மீதி, கூட ஒட்டியிருக்கிற தண்ணீரும் அமிலமும்.

உதாரணத்துக்கு, 250 கிராம் மோனோஹைட்ரேட் 600 ரூபாய்னு வச்சுக்குவோம். கிராம் 2.40 ரூபாய். தினம் 3 கிராம் எடுத்தா 7.20 ரூபாய். உடம்புக்குள்ள போற கிரியேட்டின் 2.64 கிராம்.

120 கிராம் எச்.சி.எல் 1,200 ரூபாய்னு வச்சுக்குவோம். கிராம் 10 ரூபாய். லேபிள்ல "தினம் 1.5 கிராம் போதும்"னு இருந்தா செலவு 15 ரூபாய்தான். ஆனா கிடைக்கிற கிரியேட்டின் வெறும் 1.17 கிராம். அதே 2.64 கிராம் வேணும்னா 3.38 கிராம் எடுக்கணும். செலவு 33.80 ரூபாய்.

வருஷத்துக்கு ஒண்ணு 2,628 ரூபாய், இன்னொண்ணு 12,337 ரூபாய். வித்தியாசம் கிட்டத்தட்ட 9,700 ரூபாய். இந்தப் பணத்துல வருஷம் முழுக்க முட்டை வாங்கலாம். தசைக்கு அதுவும் தேவைதானே? நீங்க பார்க்கிற டப்பாவோட விலையைப் போட்டு இதே கணக்கைச் செஞ்சு பாருங்க.

வாங்கும்போது கவனிக்க

1. டப்பாவோட பின்பக்கம் படிங்க. ஃப்ளேவர் போட்டதுல ஒரு ஸ்கூப் 5 கிராம் இருந்தாலும் கிரியேட்டின் 3 கிராம்தான் இருக்கலாம். கம்மீஸ்னா சர்க்கரையும் சேர்த்துப் பாருங்க.

2. 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ லைசென்ஸ் எண் இருக்கான்னு பாருங்க.

3. "60% ஆஃபர்" எம்.ஆர்.பி-யில இருந்து கணக்குப் போட்டது. உங்களுக்குத் தேவை, ஒரு கிராம் என்ன விலைங்கிறது மட்டும்தான்.

4. முதல் வாரம் தினம் 20 கிராம் 'லோடிங்' கட்டாயம் இல்லை. தினம் 3 முதல் 5 கிராம் எடுத்தாலே 3, 4 வாரத்துல தசையில நிரம்பிடும். பாதி டப்பா மிச்சம்!

5. இந்த பில்லுக்கு வருமான வரியில கழிவு கிடையாது. ஆபீஸ்ல கொடுக்காதீங்க.

டெர்ம் இன்ஷூரன்ஸ் எடுக்கப் போறீங்களா?

இது முக்கியம். மெடிக்கல் டெஸ்ட்ல ரத்தத்துல கிரியேட்டினின் அளவையும் பார்ப்பாங்க. கிரியேட்டின் எடுக்கிறவங்களுக்கு, கிட்னி நல்லா இருந்தாலும் அந்த எண் கொஞ்சம் கூடுதலாக் காட்டலாம். ரிப்போர்ட்டைப் பார்க்கிறவருக்கு அது கிட்னி பிரச்சினை மாதிரி தெரியலாம். அதனால டெஸ்ட்டுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட சொல்லிடுங்க. ப்ரபோசல் ஃபார்ம்ல கேட்டிருந்தா மறைக்காம எழுதுங்க. ஆபீஸ் ஹெல்த் செக்கப்புக்கும் இதே விதிதான். ஏற்கனவே கிட்னி பிரச்சினை இருக்கிறவங்க டாக்டரைக் கேக்காம வாங்கவே கூடாது.

ஆக, ஃப்ளேவர் இல்லாத சாதா மோனோஹைட்ரேட், தினம் 3 கிராம், போதும். சாப்பாடு, தூக்கம், வொர்க்அவுட் மூணும் சரியா நடக்கலைன்னா, அந்த 600 ரூபாயையும் இப்போதைக்குச் செலவு பண்ணாதீங்க.