ரகத்தின் பெயர் மேலே, மரத்தின் அளவு கீழே

படப்பையைச் சுற்றி வயலும் தோப்பும் மனைகளாகிக்கொண்டிருக்கின்றன. ஒரகடத்து ஆலைகளில் வேலை பார்ப்பவர்கள் அரை கிரவுண்டு வாங்கி வீடு கட்டுகிறார்கள். மிச்சமிருக்கும் மூலையில் ஒரு மாங்கன்று நட எல்லாருக்கும் ஆசை. கன்று வாங்கப் போனால் நாம் கேட்பது ஒரே கேள்விதான்: “இது என்ன ரகம்?” பங்கனப்பள்ளி என்றோ இமாம்பசந்த் என்றோ பதில் வரும். அந்தப் பெயர் கன்றின் மேல்பாதிக்கு மட்டுமே சொந்தம்.

ஒட்டுக்கன்று ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். கறுப்புப் பைக்கு மேலே ஏறத்தாழ ஒரு சாண் உயரத்தில் தண்டு லேசாகப் புடைத்திருக்கும்; பட்டையின் நிறமும் அங்கே மாறும். அந்தப் புடைப்புக்குக் கீழே இருப்பது கொட்டையிலிருந்து முளைத்த வேர்ச்செடி. மேலே இருப்பது நல்ல மரத்திலிருந்து வெட்டிவந்த குச்சி. குச்சியின் அடியை ஆப்புப்போலச் சீவி, வேர்ச்செடியின் பிளவில் செருகி, பாலிதீன் நாடாவால் இறுகக் கட்டுவார்கள். பட்டைக்குச் சற்று உள்ளே இருக்கும் மெல்லிய வளர்திசு இரண்டிலும் ஒன்றையொன்று தொட வேண்டும். தொட்டுவிட்டால் செல்கள் பெருகி இடைவெளியை நிரப்பும், நீர்க்குழாய்கள் இணையும், சில வாரங்களில் குருத்து எழும்பும்.

இணைந்த பிறகும் இரண்டும் தம் குணத்தை விடுவதில்லை. பழத்தின் ரகத்தைக் குச்சி தீர்மானிக்கிறது. மரம் எவ்வளவு ஓங்கும், எப்போது காய்ப்புக்கு வரும், வறட்சியை எவ்வளவு தாங்கும் என்பவற்றில் வேருக்குப் பெரும் பங்கு உண்டு. இலையும் குருத்தும் செய்யும் ஆக்சின் என்னும் வளர்ச்சி ஊக்கி பட்டை வழியே கீழே இறங்குகிறது. வேர் செய்யும் சைட்டோகைனின் தண்ணீரோடு மேலே ஏறுகிறது. குட்டையாக்கும் வேர்ச்செடிகளில் இந்தப் போக்குவரத்து தளர்கிறது. கிளை ஓங்குவது குறைகிறது, மிஞ்சும் சத்து காய்க்குப் போகிறது.

இத்தகைய வேர்ச்செடிகளை முறையாக வகைப்படுத்தியது இங்கிலாந்தின் ஈஸ்ட் மாலிங் ஆராய்ச்சி நிலையம். 1913இல் தொடங்கிய அந்த நிலையத்தில், ரொனால்டு ஹாட்டன் பல ஊர்களில் கலந்துகிடந்த ஆப்பிள் வேர்ச்செடிகளைப் பிரித்து எண் கொடுத்தார். அவற்றுள் ‘எம் 9’ உலகப் புகழ் பெற்றது. விதையில் வளர்ந்த ஆப்பிள் மரம் எட்டு மீட்டரையும் தாண்டும். எம் 9 வேரில் அதே ரகம் மூன்று மீட்டர் அளவில் நின்றுவிடும். இன்று காஷ்மீரிலும் இமாச்சலத்திலும் நெருக்கி நடும் தோட்டங்களுக்கு இத்தகைய வேர்களே அடித்தளம்.

நம் மாமரத்துக்கு அப்படி ஒரு வேர் உண்டா? யாழ்ப்பாணத் தமிழர் நன்கறிந்த வெள்ளைக்கொழும்பான் அந்த வரிசையில் நிற்கிறது. பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் நெடுநாள் சோதனையில், இந்த வேரில் ஏற்றிய அல்போன்சா மரங்கள் சிறிதாகவே நின்றன. இன்னொரு நன்மையும் உண்டு. வெள்ளைக்கொழும்பானின் ஒரே கொட்டையிலிருந்து பல முளைகள் வரும். பெரும்பாலானவை தாய்மரத்தின் நகல்கள். ஆகவே வேர்ச்செடிகள் ஒரே சீராக அமையும். ஆனால் நாற்றங்கால்களில் வழக்கமாக முளைக்கப் போடுவது கிடைக்கிற கலப்புக் கொட்டைகளைத்தான். ஒவ்வொரு வேரும் ஒரு குணம். அதனால்தான் ஏக்கருக்கு 40 மரம் என்றிருந்த மாந்தோப்பில் 3-க்கு 2 மீட்டர் இடைவெளியில் 674 மரம் நடுபவர்கள், ஆண்டுதோறும் கவாத்து செய்தே அளவைக் கட்டுப்படுத்துகிறார்கள்.

சப்போட்டாவின் கதை வேறு. மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்த அந்த மரத்துக்குத் தமிழ்நாட்டில் வேர் கொடுப்பது நம்மூர்ப் பாலை மரம். கோடியக்கரைக் காட்டில் நிறைந்து நிற்கிறதே, அதே உலக்கைப் பாலை. இரண்டும் ஒரே பேரினம் என்பதால் ஒட்டு பிடிக்கிறது. பாலை நாற்று பென்சில் கனம் வரவே இரண்டு ஆண்டு ஆகலாம். அந்தப் பொறுமைக்குப் பலன் உண்டு: வறட்சிக்கு அசையாத வேர், நெடுநாள் காய்க்கும் மரம். நம் கரையோரக் காட்டில் பாலை அழிந்தால், கடைத்தெருச் சப்போட்டாவின் வேரும் அறுபடும்.

அடுத்த முறை கன்று வாங்கும்போது ரகத்தோடு வேரையும் விசாரியுங்கள். நட்ட பின் ஒட்டுக்குக் கீழே துளிர் வந்தால் உடனே கிள்ளிவிடுங்கள். அது வேர்ச்செடியின் துளிர்; மண்ணோடு நேரடி உறவு அதற்குத்தான் என்பதால் வேகமாக ஓங்கி, மேலே உள்ள குச்சியைப் பட்டினி போட்டுவிடும். ஏழெட்டு ஆண்டு காத்திருந்து, இமாம்பசந்த் என்று நட்ட மரத்தில் நார் நிறைந்த புளிப்புக்காய் பறிப்பவர்கள் பலர் இந்த ஒரு துளிரைக் கவனிக்காமல் விட்டவர்களே.