மார்சாஷ்லொக்: மால்டாவின் மீனவர் துறை

மத்தியதரைக் கடலின் நடுவே உள்ள மால்டா தீவின் தென்கிழக்குக் கரையில் அமைந்த மீனவர் ஊர் மார்சாஷ்லொக். தலைநகர் வலெட்டாவிலிருந்து ஏறத்தாழ 10 கி.மீ. தொலைவில் உள்ளது. நாட்டின் மீன்பிடிப் படகுகளில் மிகுதியானவை இத்துறையில்தான் நிற்கின்றன. மால்டாவைப் பற்றிய சுற்றுலாப் படங்களில் அடிக்கடி காணப்படும் வண்ணப் படகுகள் இவைதாம். அந்த வண்ணங்கள் காட்சிக்காகப் பூசப்பட்டவை அல்ல. ஒரு தொழிலின் தேவைகளும் நம்பிக்கைகளும் அவற்றில் உள்ளன. அத்தொழில் இன்று சுருங்கிவருவதால், அதை அறிந்துகொண்டு இவ்வூருக்குச் செல்வது நல்லது.

பெயர்க் காரணம்

மால்டா மொழி அரபு மொழி மரபில் தோன்றியது. ஆனால் லத்தீன் எழுத்தில் எழுதப்படுகிறது. அம்மொழியில் 'மார்சா' என்றால் துறைமுகம். 'ஷ்லொக்' என்றால் தென்கிழக்கு. சகாராவின் வெப்பத்தையும் தூசியையும் சுமந்து அத்திசையிலிருந்து வரும் காற்றுக்கும் அதே பெயர்தான். இத்தாலியர் அதைச் 'சிரோக்கோ' என்பர். வடக்கிலிருந்து வருவதை வாடை என்றும் கிழக்கிலிருந்து வருவதைக் கொண்டல் என்றும் நாம் பிரித்துச் சொல்வதுபோல, மத்தியதரைக் கடலோடிகளும் ஒவ்வொரு திசைக் காற்றுக்கும் ஒரு பெயர் வைத்திருந்தனர். எந்தப் பக்கம் காற்றுக்குத் திறந்த துறை என்பதை ஊரின் பெயரே கடலோடிக்குச் சொல்லிவிடுகிறது.

வரலாறு

அகன்ற விரிகுடாவாக இருப்பதால், வணிகரும் படையெடுத்தவரும் இங்கே இறங்கினர். ஊருக்கு அருகிலுள்ள தாஸ்-சில்ஜ் மேட்டில் வரலாற்றுக்கு முற்பட்ட கற்கோயில் ஒன்று இருந்தது. ஃபினீசியர் அதே இடத்தில் அஸ்டார்டே தெய்வத்தை வழிபட்டனர். உரோமர் காலத்தில் அது ஜூனோவின் கோயிலாயிற்று. பிற்காலத்தில் அங்கே கிறித்தவத் தேவாலயமும் எழுந்தது.

1565ஆம் ஆண்டு மால்டாவை முற்றுகையிட்ட உதுமானியர் தம் கப்பற்படையை இவ்விரிகுடாவில் நிறுத்தினர். பின்னர், தீவை ஆண்ட செயின்ட் ஜான் வீரர்கள் கரைக் காவலுக்காகச் செயின்ட் லூசியன் கோபுரத்தை 1610இல் கட்டத் தொடங்கினர். 1989 டிசம்பர் 2, 3 ஆகிய நாட்களில் அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ், சோவியத் தலைவர் மிகையில் கோர்பச்சேவ் இருவரும் இவ்விரிகுடாவில் நின்ற 'மாக்சிம் கோர்க்கி' என்ற கப்பலில் சந்தித்தனர். போர்க்கப்பல்களில் பேசுவதாகத்தான் முதலில் திட்டம். புயல் அதைக் குலைத்துவிட்டது.

கண்ணுடைய படகு

இங்குள்ள மரபுப் படகின் பெயர் 'லுட்சு'. முன்னும் பின்னும் கூராக அமைந்த மரப்படகு இது. பின்னாலிருந்து வரும் அலையையும் அந்தக் கூரான பின்புறம் பிளந்துவிடும். உப்பும் வெயிலும் மரத்தை அரிக்காமல் இருக்க அடிக்கடி வண்ணம் பூசியாக வேண்டும். நீலம், மஞ்சள், சிவப்பு, பச்சை ஆகியவற்றைப் பட்டை பட்டையாகப் பூசுவது வழக்கம்.

படகின் முகப்பில் இரு பக்கமும் ஒவ்வொரு கண் இருக்கும். எகிப்தின் ஹோரஸ் அல்லது ஒசிரிஸ் கண் என்று அதைச் சொல்வர். ஃபினீசியர் வழியாக வந்த வழக்கம் என்பது பரவலான கருத்து. கடலில் வரும் தீங்கைக் கண்டு விலக்கும் என்பது நம்பிக்கை. அதே படகுக்குக் கத்தோலிக்கப் புனிதர் ஒருவரின் பெயரும் இருக்கலாம். கண்ணுக்கு மேலே செல்லும் பட்டையை மால்டா மொழியில் 'மீசை' என்று பொருள்படும் சொல்லால் அழைக்கின்றனர். அதன் நிறம் படகு எந்த ஊரைச் சேர்ந்தது என்பதைக் காட்டியது. குடும்பத்தில் இறப்பு நேர்ந்தால் மீசைக்குக் கறுப்பு பூசுவர்.

நிழல் தேடும் மீன்

மால்டா மீனவரின் ஆண்டு, 'லம்புகி' என்ற மீனைச் சுற்றி அமைந்தது. பிற நாடுகளில் மாஹி-மாஹி என்று அறியப்படும் மீன் இது. மிதக்கும் பொருளின் நிழலில் கூடுவது இதன் இயல்பு. இதைப் பயன்படுத்தி, மிதவைகளின் அடியில் பேரீச்சை வகை மரங்களின் ஓலைகளைக் கட்டி, சுண்ணாம்புக் கல்லை நங்கூரமாக இறக்கி, கடலில் வரிசையாக மிதக்கவிடுவர். பின்னர் ஒவ்வொரு மிதவையாகச் சென்று பார்த்து, மீன் கூடியிருந்தால் வலையால் வளைத்துப் பிடிப்பர்.

யார் எந்தக் கடல்வழியில் மிதவை போடுவது என்பது சீட்டுக் குலுக்கி முடிவாகிறது. நல்ல இடத்துக்காகச் சண்டை வராமலிருக்க இந்த ஏற்பாடு. மிதவையிட்டு லம்புகி பிடிக்கும் பருவம் ஆகஸ்ட் 15 முதல் ஆண்டு இறுதி வரை. மற்ற மாதங்களில் அதற்குத் தடை உண்டு.

இன்றைய நிலை

2004இல் மால்டா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. தீவைச் சுற்றி 25 கடல்மைல் பரப்பு சிறு படகுகளுக்காகத் தனி மேலாண்மைப் பகுதியாகக் காக்கப்பட்டது. ஆனால் தொழிலைக் கைவிடும் படகுகளுக்கு இழப்பீடு தரும் திட்டமும் வந்தது. மரப்படகைப் பேணும் செலவு மிகுதி. கண்ணாடியிழைப் படகோ மலிவு. லுட்சுக்கள் சில உல்லாசப் பயணப் படகுகளாகிவிட்டன.

அலெக்ஸ் காமிலேரி இயக்கி 2021இல் வெளிவந்த 'லுட்சு' திரைப்படம் இந்த நெருக்கடியைத்தான் பேசுகிறது. கைக்குழந்தையின் மருத்துவத்துக்குப் பணம் தேவைப்படும் மீனவன், தலைமுறையாக வந்த படகை விட்டுவிடுவதா என்று தவிக்கும் கதை அது. நாயகனாக நடித்தவர் உண்மையான மால்டா மீனவர்.

விரிகுடாவும் மாறிவிட்டது. ஒரு கரையில் டெலிமாரா மின்நிலையம். எதிர்க்கரையில் சரக்குப் பெட்டகத் துறைமுகம். மின்நிலையத்துக்கு எரிவாயு வழங்கும் பெரிய கப்பல் 2016 முதல் விரிகுடாவிலேயே நிற்கிறது. வலை உலர்த்தவும் பழுதுபார்க்கவும் பயன்பட்ட கரையோரத்தில் உணவகங்களின் மேசைகளுக்கும் இடம் வேண்டியிருக்கிறது.

செல்வோர் கவனத்துக்கு

ஞாயிறு காலையில் கரையோரம் பெரிய சந்தை கூடும். மீன் கடைகளோடு துணி, நினைவுப் பொருள் கடைகளும் நிறைந்திருக்கும். சந்தையைக் காண அந்த நாள் ஏற்றது. தொழிலைக் காண விரும்புவோர் கூட்டம் குறைந்த வார நாளில், விடிந்ததும் செல்லலாம். ஊரிலிருந்து நடந்து செல்லும் தொலைவில், பாறைகளுக்கு இடையே இயற்கையாக அமைந்த 'செயின்ட் பீட்டர்ஸ் பூல்' என்ற குளிக்குமிடம் உள்ளது. கடல் கொந்தளிக்கும் நாட்களில் அங்கே இறங்கக் கூடாது.

கரையில் விரித்திருக்கும் வலையை மிதிக்காமல் நடப்பதும், வேலை செய்பவரைப் படமெடுக்குமுன் கேட்பதும் முறை. உணவகத்தில் அமரும்போது, அன்று இத்துறையில் இறங்கிய மீன் எது என்று விசாரிக்கலாம். உணவகங்களில் இறக்குமதி மீனும் கிடைக்கும். இலையுதிர் காலத்தில் லம்புகியைக் கேட்டு வாங்கி உண்டால், அந்தப் பணத்தில் ஒரு பங்காவது இன்னும் கடலுக்குப் போகும் படகுகளைச் சேரும்.