கஞ்சாவும் மூளையின் கதவுகளும்

சிரம்பான் வட்டாரத் தோட்டமொன்றில் ஒரு தந்தை நம்மிடம் முறையிட்டார்: “கஞ்சாவை விட்டுவிட்டேன் என்கிறான், வாத்தியாரே. ஆனால் தூக்கமில்லை, எல்லாரிடமும் எரிந்து விழுகிறான். பொய்தான் சொல்கிறான்.”

பையன் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை. நரம்பணுவின் மேற்பரப்பில் சிபி-1 என்னும் ஏற்பி உண்டு. கதவு என்று வைத்துக்கொள்வோம். அதைத் தட்ட மூளையே ஒரு பொருளை உண்டாக்குகிறது. 1992இல் பன்றியின் மூளையிலிருந்து அதைப் பிரித்தெடுத்தவர்கள், ‘ஆனந்தம்’ என்ற சொல்லைக் கொண்டு ஆனந்தமைடு எனப் பெயரிட்டனர். தோட்டந்தோறும் இருக்கும் ஆனந்தன்களுக்கு இது தெரியாது! கதவு தட்டப்பட்டதும் உள்ளேயுள்ள ஜி புரதம் விழிக்கிறது. கால்சியம் உள்ளே நுழைவது குறைகிறது. அடுத்த அணுவுக்குச் செல்லும் செய்தி தணிகிறது. ஆனந்தமைடு விரைவில் சிதைந்துவிடும். கஞ்சாவிலுள்ள டி.எச்.சி. அப்படிப் போவதில்லை, தட்டிக்கொண்டே இருக்கும்.

அணு சும்மா இருக்குமா? ஏற்பியில் பாஸ்பேட்டை ஒட்டுகிறது. அரெஸ்டின் என்னும் புரதம் வந்து ஜி புரதத்துக்கு வழியடைக்கிறது. பிறகு ஏற்பியே உள்ளே இழுக்கப்படுகிறது. ஓய்வின்றி நாள்தோறும் வெட்டிய பால்மரம் வறண்டுபோவதைப்போல, பழைய அளவுக்குப் பழைய மயக்கம் வருவதில்லை. நிறுத்தினாலோ, எஞ்சிய கதவுகள் சொந்த ஆனந்தமைடுக்கே போதவில்லை. தூக்கம் கெடுவதும் சினம் வருவதும் அப்போதுதான்.

2012இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், நாள்தோறும் புகைத்தவர்களின் மூளைப் புறணியில் இவ்வேற்பிகள் குறைந்திருந்தன. ஏறத்தாழ நான்கு வாரம் நிறுத்தியபின் பெரும்பாலும் மீண்டன. அந்தப் பையன் நிறுத்தி அப்போது பத்து நாள்தான் ஆகியிருந்தது.