இழைப்புளி என்னும் பெயர்

இழைத்தற்குரிய உளி இழைப்புளி. மரக்கட்டையின் நடுவே உளியைச் சாய்த்துச் செருகி ஆப்பால் இறுக்குவர். அலகு மிக ஆழாதவாறு காப்பது கட்டையே. பெயரோ உளியை மட்டும் சுட்டுகின்றது. இங்கிலாந்தின் சில்செசுட்டரில் 1890-இல் கிடைத்த உரோமானியர் இழைப்புளியில் இரும்பு எஞ்சியது, மரம் மட்கிற்று. 1545-இல் மூழ்கிய 'மேரி ரோசு' என்னும் ஆங்கிலேயப் போர்க்கப்பலின் தச்சர் அறையிற் கிடைத்தவற்றிலோ, சேறு மூடிக் காற்றைத் தடுத்தமையால், நானூறு ஆண்டுகட்கு மேலாகக் கட்டைகள் கெடாது நின்றன. அலகுகள் துருவேறி அழிந்தன. உளியற்ற அக்கட்டையையும் இழைப்புளி என்றே வழங்குகின்றோம். எனவே, உளிவகையுள் ஒன்றன் இயற்பெயராக மட்டும் இதனைக் கொள்ளுதல் அமையாது. உளியென்னும் சினைப்பெயர் கருவியாகிய முதலுக்கு ஆகிவந்த சினையாகுபெயர் என்றலே பொருந்தும். சீவுளி என்பதற்கும் இஃதொக்கும்.