உப்புக்காற்றில் ஒரு கேமிங் கணினி: ராமேஸ்வரம் கரையில் எந்த கிராபிக்ஸ் கார்டு தாங்கும்?

பாம்பன் கடலில் 1914-ல் திறக்கப்பட்ட பழைய ரயில் பாலம், நூறு ஆண்டுகளைத் தாண்டி உழைத்துவிட்டு 2022 டிசம்பரில் ஓய்வுக்குப் போனது. இரும்பு அரித்துப்போனது அதற்கு முக்கியக் காரணம். 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள், பாலிசிலோக்சேன் பூச்சு, முழுக்க வெல்டிங் செய்த இணைப்புகள் எனப் பாதுகாப்பு ஏற்பாடுகள் நிறைய. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், கடற்காற்றில் உலோகங்கள் எப்படி அரிக்கின்றன என்று ஆராய்வதற்காகவே மண்டபத்தில் ஒரு மையம் வைத்திருக்கிறது.

அதே காற்றைத்தான் ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம், தேவிபட்டினம், ஏர்வாடி வீடுகளில் மேசைக்கு அடியில் கிடக்கும் பழைய சி.பி.யு. பெட்டியும் ஃபேன் போட்டு இழுக்கிறது. அதனால்தான், ‘பழைய கணினியில் கேம் ஆட எந்த கிராபிக்ஸ் கார்டு வாங்கலாம்?’ என்ற கேள்விக்குக் கோயம்புத்தூரில் சொல்லும் பதிலை அப்படியே இங்கே சொல்ல முடியாது.

‘அண்ணே, வீட்ல ஒரு பழைய டெல் இருக்கு. ஜி.டி.ஏ. 5 ஓடுற மாதிரி பத்தாயிரத்துக்குள்ள ஒரு கார்டு போட்டுத் தர முடியுமா?’ என்பது கணினிக் கடைக்காரர்களுக்குப் பழகிப்போன கேள்வி. விவரம் தெரிந்த கடைக்காரர் உடனே கார்டின் பெயரைச் சொல்ல மாட்டார். ‘தம்பி, எஸ்.எம்.பி.எஸ். என்ன வாட்டு?’ என்றுதான் முதலில் கேட்பார்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

வங்கிகளும் ஐ.டி. நிறுவனங்களும் கழித்துவிட்ட டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்.பி. எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் கணினிகள் செகண்ட் ஹேண்ட் சந்தையில் நிறையக் கிடைக்கின்றன. விலை குறைவு, உழைப்பு அதிகம். ஆனால், இவை அலுவலக வேலைக்காகச் செய்யப்பட்டவை. உதாரணமாக, நான்காம் தலைமுறை ஐ5 பிராசசருடன் வரும் ஆப்டிபிளெக்ஸ் 9020-ன் சிறிய பெட்டியில் இருப்பது 255 வாட் எஸ்.எம்.பி.எஸ். கொஞ்சம் பெரிய டவரில் 290 வாட். இரண்டிலும் கிராபிக்ஸ் கார்டுக்கென்று தனி மின்கம்பி கிடையாது. ‘சரி, வேற எஸ்.எம்.பி.எஸ். மாத்திருவோம்’ என்றால் அதுவும் அவ்வளவு சுலபம் இல்லை. சாதாரண மதர்போர்டில் இருக்கும் 24 பின் இணைப்புக்குப் பதில் இந்த நிறுவனங்கள் தங்களுக்கென்று 6 பின், 8 பின் என வேறு இணைப்பு வைத்திருக்கும். மாற்றும் கம்பி தனியே வாங்க வேண்டும்.

ஆகவே, கார்டைத் தேடும் முன் பெட்டியைத் திறந்து மூன்று விஷயங்களைப் பார்த்துவிட வேண்டும்: எஸ்.எம்.பி.எஸ். மேல் ஒட்டியிருக்கும் வாட் அளவு, கார்டு செருகும் நீளமான ஸ்லாட்டைச் சுற்றியுள்ள இடம், பெட்டியின் உயரம். சிறிய பெட்டி என்றால் ‘லோ புரொஃபைல்’ எனப்படும் பாதி உயரக் கார்டுதான் உள்ளே போகும். முழு உயரக் கார்டை வாங்கி வந்துவிட்டு, மூடியைத் திறந்தபடியே ஓட்டுபவர்கள் உண்டு. மற்ற ஊரில் அது தூசிப் பிரச்சினை. ராமேஸ்வரத்தில் அது தற்கொலை.

75 வாட் என்ற கோடு

கார்டு செருகும் ஸ்லாட் வழியாகவே அதிகபட்சம் 75 வாட் மின்சாரம் கிடைக்கும். அதற்குள் அடங்கும் கார்டுக்குத் தனிக் கம்பி தேவையில்லை, பழைய எஸ்.எம்.பி.எஸ். நல்ல நிலையில் இருந்தால் அதுவே போதும். என்விடியாவின் ஜி.டி.எக்ஸ். 1050 டி.ஐ. (2016), ஜி.டி.எக்ஸ். 1650 (2019), ஆர்.டி.எக்ஸ். 3050-ன் 6 ஜி.பி. வகை (2024), ஏ.எம்.டி.யின் ஆர்.எக்ஸ். 6400 (2022) ஆகியவை இந்த வகை. 1050 டி.ஐ.யிலும் 1650-லும் சில தயாரிப்பாளர்கள் 6 பின் கம்பி கேட்கும் மாடல்களையும் விட்டிருக்கிறார்கள். படத்தைப் பார்த்து வாங்க வேண்டும்.

இதே விலைக்குச் செகண்ட் ஹேண்டில் ஆர்.எக்ஸ். 580 கிடைக்குமே, 8 ஜி.பி. நினைவகம், வேகமும் கூடுதலாச்சே என்று நண்பர்கள் சொல்வார்கள். உண்மைதான். ஆனால், அது இழுப்பது 185 வாட். எஸ்.எம்.பி.எஸ். மாற்ற வேண்டும், பெட்டிக்குக் கூடுதல் ஃபேன் வேண்டும். கடற்கரையில் இன்னொரு கணக்கும் சேர்கிறது. கார்டு எவ்வளவு சூடாகிறதோ அவ்வளவு காற்றை உள்ளே இழுக்க வேண்டும். எவ்வளவு காற்று வருகிறதோ அவ்வளவு உப்பும் வரும். குறைந்த வாட் கார்டு இங்கே மின்கட்டணத்துக்காக மட்டும் அல்ல, ஆயுளுக்காகவும் நல்லது.

ஆர்.எக்ஸ். 6400-ல் ஒரு சிக்கல் இருக்கிறது. 53 வாட்தான் என்றாலும், மதர்போர்டோடு பேச அது நான்கு பாதைகளை மட்டுமே பயன்படுத்துகிறது. நான்காம் தலைமுறை ஸ்லாட் உள்ள புதிய கணினியில் குறை தெரியாது. பழைய கணினியில் அந்தப் பாதையின் வேகம் பாதியாகிவிடும், 4 ஜி.பி. நினைவகம் நிரம்பும் கேம்களில் படம் திக்கித் திக்கி வரும். பழைய பெட்டிக்காகவே செய்தது போலத் தோன்றும் கார்டு, பழைய பெட்டியில்தான் தடுமாறுகிறது. ஆர்.டி.எக்ஸ். 3050 6 ஜி.பி. நல்ல கார்டு, 70 வாட். ஆனால், புதிதாக வாங்கினால் பத்தாயிரத்துக்குள் அடங்காது. 2012-க்கு முந்தைய மதர்போர்டுகளில் இத்தகைய புதிய கார்டுகள் உயிர்பெறாமலே போவதும் உண்டு.

மிச்சம் நிற்பது 1050 டி.ஐ.யும் 1650-ம். இங்கேதான் தேதி முக்கியமாகிறது. 1050 டி.ஐ. சேர்ந்த பாஸ்கல் தலைமுறைக்குப் புதிய கேம்களுக்கான டிரைவர் வெளியீட்டை என்விடியா 2025 அக்டோபரோடு முடித்துக்கொண்டது. 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வரும். 1650 அதற்கு அடுத்த டியூரிங் தலைமுறை, அதற்கு இன்னும் ஆதரவு இருக்கிறது. 1050 டி.ஐ. ஆயிரம் இரண்டாயிரம் குறைவாகக் கிடைத்தாலும், கையில் காசு இருந்தால் 1650-ஐ எடுப்பதே சரி. வாலரன்ட் மட்டும்தான் ஆடுவேன் என்பவருக்கு 1050 டி.ஐ. இன்றும் தாராளம், விநாடிக்கு 144 பிரேம் எடுக்க அந்த கேமின் தயாரிப்பாளர்களே பரிந்துரைப்பது அந்தக் கார்டைத்தான். ஜி.டி.ஏ. 5-ன் 2015 பதிப்புக்குப் பரிந்துரைக்கப்பட்டது அதைவிடப் பழைய ஜி.டி.எக்ஸ். 660.

ஒன்று கவனிக்க: வீட்டில் இருக்கும் 18.5 அங்குல மானிட்டர் பெரும்பாலும் 1366-க்கு 768 புள்ளிகள் கொண்டது. அதற்குப் பெரிய கார்டு வீண். ஆனால், அந்த மானிட்டரில் இருப்பது நீலநிற வி.ஜி.ஏ. இணைப்பு மட்டும் என்றால், இந்தக் கார்டுகளில் அது கிடையாது. எச்.டி.எம்.ஐ.யிலிருந்து வி.ஜி.ஏ.வுக்கு மாற்றும் கன்வெர்ட்டர் ஒன்று தேவைப்படும். கார்டு வாங்கி வந்த அன்று இரவு எட்டு மணிக்குத்தான் பலருக்கும் இது தெரியவருகிறது.

செகண்ட் ஹேண்ட் கார்டில் துருவைத் தேடுங்கள்

2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் கிரிப்டோ நாணயம் தன் முறையை மாற்றியதும், கிராபிக்ஸ் கார்டு வைத்து அதை ‘மைனிங்’ செய்தவர்களின் தொழில் ஒரே நாளில் முடிந்தது. அந்தக் கார்டுகள் உலகம் முழுக்கப் பழைய பொருள் சந்தைக்கு வந்தன. சென்னை ரிச்சி தெருவிலோ ஆன்லைனிலோ வாங்கும் கார்டு எங்கெங்கே உழைத்ததென்று யாராலும் சொல்ல முடியாது. மைனிங் செய்த கார்டு என்றாலே குப்பை என்று ஒதுக்கவும் வேண்டாம். பெரும்பாலும் தேய்வது ஃபேனும் பேஸ்டும்தான், இரண்டையும் மாற்றலாம்.

மாற்ற முடியாதது அரிப்பு. பெட்டியின் பின்பக்கம் தெரியும் உலோகத் தகட்டையும் திருகுகளையும் எச்.டி.எம்.ஐ. துளையின் ஓரத்தையும் பார்க்க வேண்டும். அங்கே பழுப்பு இருந்தால் உள்ளேயும் இருக்கும். ஈயப் பற்றுகளைச் சுற்றிப் பச்சை பூத்திருந்தால் அந்தக் கார்டை எந்த விலைக்கும் எடுக்கக் கூடாது. போலிகளும் உண்டு: பழைய கார்டின் உள்மென்பொருளை மாற்றி 1050 டி.ஐ. என்று பெயர் காட்டச் செய்துவிடுகிறார்கள். ஜி.பி.யு.-இசட் என்ற இலவச மென்பொருள் இதைக் கண்டுபிடித்து, பெயருக்கு முன்னால் ‘போலி’ என்றே போட்டுக் காட்டும். கடையிலேயே அதை ஓட்டிப் பார்ப்பதோடு, இருபது நிமிடம் ஒரு கனமான கேமையும் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். ‘செக் பண்ணித்தான் வச்சிருக்கேன், நம்பி எடுத்துட்டுப் போங்க’ என்று அவசரப்படுத்தும் கடையில் வாங்காமல் இருப்பது உத்தமம்.

புதிய கார்டு வாங்கினால் மட்டும் கவலை இல்லையா? அங்கேதான் கடற்கரைக்காரர்களுக்குப் பெரிய அடி காத்திருக்கிறது. துரு, அரிப்பு இருந்தால் வாரண்டி கிடையாது என்பது பல கார்டு தயாரிப்பாளர்களின் விதி. கார்டு வேறு காரணத்துக்காகச் செத்திருந்தாலும், பின்தகட்டில் துருப்பொட்டு இருந்தால் சர்வீஸ் சென்டரில் திருப்பி அனுப்ப வாய்ப்பு உண்டு. மூன்று வருட வாரண்டிக்காகக் கூடுதல் பணம் கொடுத்து, ஒன்றரை வருடத்தில் காற்றுக்கே அதைப் பறிகொடுப்பது இப்படித்தான். விதிகளை வாங்கும் முன் படிப்பதும், பெட்டியைப் பிரித்த அன்றே படமெடுத்து வைப்பதும், பயன்படுத்தாத துளைகளுக்கு ரப்பர் மூடி போடுவதும் இங்கே கட்டாயம்.

உப்பு எப்படி உள்ளே வேலை செய்கிறது?

வாலிநோக்கம் உப்பளத்துக்காரர்களுக்கு இது தெரிந்த சங்கதி. கடல் உப்பில் இருப்பது சோடியம் குளோரைடு மட்டும் இல்லை, மெக்னீசியம் குளோரைடும் உண்டு. காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவீதம் ஆனால்தான் சோடியம் குளோரைடு ஈரத்தை இழுத்துக் கரையும். மெக்னீசியம் குளோரைடோ சுமார் 33 சதவீதத்திலேயே கசிய ஆரம்பித்துவிடும். அடுப்படியில் கல்லுப்பு ஜாடி எப்போதும் நசநசவென்று இருப்பது அதனால்தான். ராமேஸ்வரத்தில் ஈரப்பதம் 33-க்குக் கீழே இறங்குவது அபூர்வம். அதாவது, மதர்போர்டில் படிந்த உப்புத் தூசி ஏறக்குறைய எந்நேரமும் ஈரமாகவே இருக்கிறது. அந்த ஈரம் மின்சாரத்தைக் கடத்தும், தாமிரத்தைத் தின்னும், அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே உலோக இழை வளரவும் வழி செய்யும்.

கணினி ஓடும்போது சூட்டில் பலகை ஓரளவு உலர்ந்திருக்கும். நிறுத்திய பிறகு குளிர்ந்து ஈரத்தை இழுக்கும். ‘பரீட்சை முடியுற வரைக்கும் தொடாதே’ என்று மூன்று மாதம் மூடிவைத்த கணினி, திறக்கும்போது டிஸ்ப்ளே வராமல் போவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். வாரத்துக்கு இரண்டு முறையாவது அரை மணி நேரம் ஓட்டுவது நல்லது.

கடல் பார்த்த ஜன்னலுக்கு நேரே சி.பி.யு.வை வைக்கக் கூடாது. கச்சான் காற்றோ வாடையோ, எந்தப் பருவத்தில் எந்த ஜன்னல் வழியே வருகிறதென்று வீட்டுக்காரருக்குத் தெரியும். காற்று நுழையும் பக்கத்தில் வடிகட்டி வலை போட்டு, அதை மாதம் ஒருமுறை கழுவிக் காயவைக்கலாம். உள்ளே மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மென்மையான பிரஷால் தூசி தட்ட வேண்டும். ப்ளோயர் அடிப்பதானால் ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். பலரும் செய்யும் தவறு, 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டால் உப்பு போய்விடும் என்று நம்புவது. எண்ணெய்ப் பிசுக்கு போகும். உப்பு அதில் கரையாது. உப்பைக் கரைக்கத் தண்ணீர் வேண்டும். அதனால்தான் விவரமான சர்வீஸ்காரர்கள் டிஸ்டில்டு வாட்டர் கலந்ததால் முதலில் துடைத்து, பிறகு சுத்தமான ஆல்கஹாலால் ஈரத்தை எடுத்து, நன்றாகக் காயவிடுகிறார்கள். இது பழகிய கை செய்ய வேண்டிய வேலை.

காசை எப்படிப் பிரிப்பது?

கையில் பத்தாயிரம் இருந்தால் முழுவதையும் கார்டில் போடக் கூடாது. 4 ஜி.பி. ரேம் உள்ள கணினியில் 1650 போட்டாலும் கேம் திணறும், 8 ஜி.பி.யாவது வேண்டும், அதுவும் இரண்டு குச்சிகளாக. பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் சிறிய எஸ்.எஸ்.டி. போட்டால் கேம் திறக்கும் நேரம் குறையும், விளையாட்டின் வேகம் பெரிதாகக் கூடாது. அதனால் அது அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகலாம். எர்த் மட்டும் தள்ளிப்போகக் கூடாது. ‘கேபினெட்டைத் தொட்டா சுருக்குன்னு இருக்கு’ என்ற வீட்டில் கார்டு வாங்கும் முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும். கடற்கரையில் மின்கம்பப் பீங்கான்களில் உப்பு படிந்து, பனி இறங்கும் நேரத்தில் மின்சாரம் வந்து வந்து போவதும் உண்டு. சாதாரண 600 வி.ஏ. யு.பி.எஸ். ஒன்று, 1650 போட்ட கணினியைச் சேமித்து மூடும் அளவுக்கு நேரம் தரும்.

அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப்பில் கார்டு மாற்ற முடியுமா என்று கேட்பவர்களுக்கு: முடியாது. அதில் கிராபிக்ஸ் பிராசசருக்குள்ளேயே இருக்கிறது. இடம் இருந்தால் இன்னொரு ரேம் சேர்ப்பது ஒன்றே வழி, அதிலேயே ஓரளவு வேகம் கூடும்.

புதுக் கார்டு போட்ட பிறகு கழற்றிய பழைய கார்டைத் தூக்கிப் போட வேண்டாம். புதியது பழுதானால் கணினி உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க அது உதவும். சில்வர் நிற ஆன்டி ஸ்டாட்டிக் கவரில் போட்டு, இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு, முறுக்கு நமத்துப்போகாமல் வைக்கிற இறுக்கமான டப்பா ஒன்றில் மூடி வைக்கலாம்.