கூன் போட்டால் கை ஏன் உயராது?

நாற்காலியில் கூன் போட்டு உட்கார்ந்து, கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பாருங்கள். காதருகே வருவதற்கு முன்பே எங்கோ முட்டிக்கொண்டு நிற்கும். இப்போது நிமிர்ந்து உட்கார்ந்து தூக்குங்கள், தாராளமாகப் போகும். தோளில் எதுவும் மாறவில்லை. மாறியது முதுகு.

தோள்பட்டை எலும்பு விலாக்கூட்டின் மேல் வழுக்கிச் சுழன்றால்தான் கை முழுக்க உயரும். மேல்முதுகு வளைந்தால் அந்த எலும்பு முன்பக்கம் சாய்ந்துவிடுகிறது, சுழல இடமில்லை.

மேல்முதுகில் 12 முள்ளெலும்புகள். ஒவ்வொன்றோடும் ஒரு ஜோடி விலா எலும்பு. இந்தக் கூண்டு அசைவைக் குறைக்கிறது என்பது உண்மைதான். ஆனாலும் உடம்பைத் திருப்பும் வேலை பெரும்பாலும் இதனுடையதே. இடுப்புப் பகுதியின் 5 முள்ளெலும்புகள் குனிய, நிமிரத் தோதானவை. திரும்புவதற்கு அவ்வளவாக இடம் தராது. மேல்முதுகு இறுகினால், பைக்கில் பின்னால் திரும்பிப் பார்க்கக்கூடக் கழுத்து கூடுதலாக உழைக்கும்.

எப்படித் தளர்த்துவது? ஒரு துண்டை இறுக்கிச் சுருட்டித் தரையில் போட்டு, தோள்பட்டை எலும்புகளுக்குக் குறுக்கே படும்படி மல்லாந்து படுங்கள். முழங்கால் மடங்கியிருக்கட்டும், கைகள் பிடரியைத் தாங்கட்டும். மூச்சை விட்டபடி மெல்லப் பின்னால் சாயுங்கள். இடுப்பு வில்லாக எழும்பினால் அது கள்ளாட்டம். பிறகு நாற்காலியில் கைகட்டி உட்கார்ந்து, இடுப்பை அசைக்காமல் இருபுறமும் எட்டுப் பத்து முறை திரும்புங்கள்.

‘நிமிர்ந்து உட்கார்!’ என்று வீட்டில் அதட்டுவார்களே, அது பாதிதான் சரி. விறைத்தபடி மணிக்கணக்கில் இருந்தாலும் முதுகு இறுகும். அரை மணிக்கொரு முறை எழுந்திருப்பது மேல்.

எலும்பு மெலிவு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் துண்டைச் சுருட்ட வேண்டாம்.