மிகைக்காற்று எஞ்சினும் வால்வு ஸ்பிரிங்கும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

கல்லூரி மலருக்கு அறிவியல் கட்டுரை ஒன்று எழுதித் தரும்படி எங்கள் துறைப் பேராசிரியை பணித்தபோது, விண்வெளியைப் பற்றியோ அணுவைப் பற்றியோ எழுதத்தான் முதலில் எண்ணினேன். பழைய மலர்களைப் புரட்டினால் அவையே நிறைந்திருந்தன. ஆகவே, சென்ற ஆண்டு எங்கள் வீட்டைச் சற்றே உலுக்கிய ஒரு பொருளைப் பற்றி எழுதத் துணிந்தேன். வால்வு ஸ்பிரிங்தான் அது. உள்ளங்கையில் அடங்கும் ஒரு சுருள்வில்.

என் தந்தை வண்ணார்பேட்டையில் சிறிய எஞ்சின் பட்டறை வைத்திருக்கிறார். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். வால்வைச் சீட்டில் உட்கார வைப்பதில் கை தேர்ந்தவர் என்று சுற்று வட்டாரத்தில் பெயர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறியவள் நான்தான் முதல். பெண் பிள்ளைக்குப் பட்டறையில் என்ன வேலை என்று கேட்கும் உறவினர்கள் உண்டு. அவர்களுக்கும் இக்கட்டுரை ஒருவாறு விடையாகட்டும்.

தென்காசிப் பக்கத்திலிருந்து ஒருவர் பதினாறு வால்வு ஜிப்ஸி ஒன்றைக் கொண்டு வந்தார். ஜப்பானியச் சிறு கார் ஒன்றிலிருந்து கழற்றிய சூப்பர்சார்ஜரை அதில் ஏற்கெனவே பொருத்தியிருந்தார். பந்தயக் கார்களுக்கு உரிய ஸ்பிரிங் பதினாறும் கையோடு கொண்டு வந்திருந்தார். ‘காற்றை ஊதும் எஞ்சினுக்கு இறுக்கமான ஸ்பிரிங் வேண்டும்’ என்பது அவர் கேள்விப்பட்டது. கேள்விப்பட்டது பொய்யும் அன்று. அப்பா தயங்கினார், இருந்தாலும் மாட்டிக் கொடுத்தார். நாலாயிரம் கிலோமீட்டர் ஓடுவதற்குள் வண்டி ‘டக், டக்’ என்று சத்தம் போட்டுக்கொண்டு திரும்பி வந்தது. மேல்மூடியைத் திறந்தால், கேம் ஷாப்டின் மூக்குகள் கோடு விழுந்து தேய்ந்திருந்தன. ராக்கர்களின் முகமும் அப்படியே. புதிய கேம் ஷாப்டின் விலையில் பாதியை அப்பா ஏற்றுக்கொண்டார். அந்த ஆண்டு தீபாவளி எங்கள் வீட்டில் எப்படிக் கழிந்தது என்பதை எழுத வேண்டியதில்லை.

“அவுக கொண்டு வந்தாக, நான் மாட்டுனேன். மாட்டுனவன் கைதானட்டி பதில் சொல்லணும்” என்றார் அப்பா. எனக்கு ஆறவில்லை. இறுக்கம் எவ்வளவு வேண்டும் என்று யாரும் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லையே என்பதுதான் என் மனக்குறை. அந்தக் கணக்கு எங்கள் பாடநூலிலேயே இருக்கிறது.

முதலில் சூப்பர்சார்ஜர் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். சாதாரண எஞ்சின் தன் பிஸ்டன் கீழிறங்கும்போது காற்றைத் தானே உறிஞ்சிக்கொள்கிறது. சூப்பர்சார்ஜர், எஞ்சினோடு இணைந்த பெல்ட்டினால் சுழன்று, காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் ஊதி. ஒரே கொள்ளளவில் அதிகக் காற்று. அதற்கேற்ப அதிக எரிபொருள். ஆகவே அதிக ஆற்றல். இந்த ஊதியின் ஒரு வகை, கார் தோன்றுவதற்கு முன்பே பிறந்தது. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்து ரூட்ஸ் சகோதரர்கள் அதற்கு 1860-இல் காப்புரிமை பெற்றார்கள். 1920-களில் மெர்சிடிஸ், பெண்ட்லி கார்களில் அது ஏறியது. இப்போது ஈட்டன் என்னும் நிறுவனம் செய்யும் சூப்பர்சார்ஜரின் பெயர் ‘டி.வி.எஸ்.’ நம் மதுரை டி.வி.எஸ்.ஸுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. நான் ஒரு வாரம் பெருமைப்பட்டுவிட்டுப் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

இனி வால்வுக்கு வருவோம். பள்ளிப் பாடநூல் ‘தடுக்கிதழ்’ என்னும். பட்டறைச் சொல்லையே நான் கையாள்கிறேன். காற்று உள்ளே வர ஒரு வால்வு, புகை வெளியேற ஒரு வால்வு. (இந்த எஞ்சினில் சிலிண்டருக்கு இவ்விரண்டு.) கேம் அதைத் திறக்கும். மூடுவது ஸ்பிரிங். திறப்பவனுக்கு எஞ்சினின் பலம் முழுவதும் துணை உண்டு. மூடுபவனுக்குத் தன் இறுக்கம் ஒன்றுதான்.

சுத்தமல்லி அணைக்கட்டில் நெல்லைக் கால்வாய்க்குத் தண்ணீர் விடும் மதகைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் ஏற ஏற மதகுப் பலகையின்மேல் அதன் தள்ளும் விசை கூடுகிறது. விசை என்பது அழுத்தத்தைப் பரப்பால் பெருக்கியது. சூப்பர்சார்ஜர் ஊதும் காற்றும் இன்லெட் வால்வின் முதுகில் இப்படித்தான் தள்ளி, மூடியிருக்கும் வால்வைத் திறக்கப் பார்க்கிறது. அந்த ஜிப்ஸியில் மிகை அழுத்தம் சதுர செ.மீ.க்கு 0.5 கிலோ, ஐந்து மீட்டர் ஆழத் தண்ணீரின் அடியில் இருக்கும் அளவு. வால்வுத் தலையின் விட்டம் 30 மி.மீ. என்று கொண்டால் பரப்பு ஏறத்தாழ 7 சதுர செ.மீ. பெருக்கினால் 3.5 கிலோ.

மூன்றரைக் கிலோ! இதற்குத்தான் அத்தனை ஆரவாரம். அதுவும் எப்போதும் அன்று. காற்று அமுங்கும்போதும் எரியும்போதும் சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தமே வால்வைச் சீட்டோடு அழுத்திக்கொள்ளும். புகை வெளியேறும் வேளையிலும், வால்வு சீட்டில் வந்து உட்காரும் அந்தக் கணத்திலுந்தான் இந்த மூன்றரைக் கிலோவுக்குப் பயப்பட வேண்டும். அப்போது இறுக்கம் போதாவிட்டால் வால்வு சீட்டில் பட்டுத் துள்ளும். துள்ளினால் அமுக்கம் கசியும். காலப்போக்கில் தலை முறிந்து பிஸ்டன்மேல் விழவும் கூடும்.

ஸ்பிரிங்குக்கு உண்மையான பகை வேகம். எஞ்சின் நிமிடத்துக்கு 6000 சுற்று சுற்றினால் கேம் 3000 சுற்று, அதாவது நொடிக்கு 50. வால்வு திறந்து மூட ஒரு கேம் சுற்றில் மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கும். ஒரு நொடியை நூற்றைம்பது கூறாக்கினால் அதில் ஒரு கூறு. அதற்குள் 8 மி.மீ. போய்த் திரும்ப வேண்டும். இதைத் தனிச் சீரிசை இயக்கம் என்று தோராயமாகக் கொண்டு நான் போட்ட கணக்கில், உச்ச முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் 360 மடங்கு வந்தது. முதலில் தசமப் புள்ளியை இடம் மாற்றிவிட்டேனோ என்று மூன்று முறை போட்டுப் பார்த்தேன். வால்வும் அதனோடு அசையும் உறுப்புகளும் சேர்ந்து 100 கிராம் என்றால், முழுத் திறப்பில் அதைத் திருப்பி இழுக்க 36 கிலோ விசை தேவை. 7000 சுற்றுக்குப் போனால் 49 கிலோ. ஏனெனில் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப இது ஏறுகிறது.

இங்கேதான் சூப்பர்சார்ஜரின் தன்மையை மறந்துவிடுகிறார்கள். ஊதி இல்லாத எஞ்சினிலிருந்து அதிக ஆற்றல் பெறப் பந்தயக்காரர்கள் சுற்றைக் கூட்டுவார்கள். ஆகவே அவர்களுக்கு இறுகிய ஸ்பிரிங் வேண்டும். சூப்பர்சார்ஜரோ அதே சுற்றில் அதிக ஆற்றல் தருகிறது. சுற்று கூடாதபோது 36 கிலோ 36 கிலோவாகவே நிற்கிறது. புதிதாகச் சேர்வது அந்த மூன்றரைக் கிலோ மட்டுமே.

அப்பாவின் பட்டறையில் ஸ்பிரிங் சோதிக்கும் கருவி கிடையாது. ஆள் எடை பார்க்கும் இயந்திரத்தை டிரில்லிங் மிஷினின் அடியில் வைத்து, மேலிருந்து ஸ்பிரிங்கை அமுக்கி அளந்தோம். பழைய வகை ஸ்பிரிங், வால்வு மூடிய நிலையில் 18 கிலோ, முழுதும் திறந்த நிலையில் 45 கிலோ. பந்தய ஸ்பிரிங் 36, 88. தேவை 36, கையில் இருந்தது 45, மாட்டியது 88!

மிகுதியால் என்ன கேடு என்று கேட்கலாம். வேகமாகச் சுற்றும்போது வால்வின் நிலைமம் ஸ்பிரிங்கை எதிர்ப்பதால் கேமின் மூக்கில் சுமை குறைந்துவிடும். வண்டி நின்று மெதுவாக உறுமிக்கொண்டிருக்கும்போது அந்தச் சலுகை இல்லை. 88 கிலோவும் மெல்லிய எண்ணெய்ப் படலத்தின்மேல் முழுதாக இறங்கும். பந்தயக் கார் அப்படி நிற்பதே இல்லை. சோழவரத்து விமான ஓடுபாதையில் பந்தயங்கள் நடந்த காலத்தில் அப்பாவின் குருநாதர் ஒருமுறை போய்ப் பார்த்து வந்தாராம். பந்தயம் முடிந்ததும் எஞ்சினைப் பிரித்துவிடுகிறார்கள் என்பதைத்தான் வந்து அதிசயமாகச் சொல்வாராம். 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடம் வந்த பின்னும் பந்தயத்தின் இலக்கணம் அதுவே. நம் ஜிப்ஸியோ வண்ணார்பேட்டைச் சந்திப்பின் நெரிசலில் கால் மணி நேரம் நிற்கிற வண்டி.

சரி, அந்த மூன்றரைக் கிலோவை எப்படிப் பெறுவது? பழைய வகை ஸ்பிரிங் 8 மி.மீ. அமுங்கும்போது 27 கிலோ ஏறுகிறது, ஒரு மி.மீ.க்கு ஏறத்தாழ 3.4 கிலோ. ஹூக்கின் விதி வேறொன்றும் கேட்கவில்லை. புதிய சாதாரண ஸ்பிரிங்கின் அடியில் 1 மி.மீ. கனமுள்ள கெட்டி எஃகு ஷிம் ஒன்று வைத்தால் கணக்கு நேராகிவிடுகிறது. ஆனால் முழுத் திறப்பில் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டிவிடக் கூடாது, 1 மி.மீ. இடைவெளியாவது மிஞ்ச வேண்டும். அளந்தோம், ஷிம் வைத்த பிறகும் 1.2 இருந்தது. இன்லெட் வால்வு எட்டுக்கு எட்டு ஷிம். ஒரு டீக்கடைக் கணக்கைவிடக் குறைந்த செலவு.

ஸ்பிரிங் இப்படி எளிதில் முடிந்துவிட்டாலும், உண்மையில் காசு செலவழிக்க வேண்டிய இடம் புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வுதான். அதிக எரிபொருள் எரிந்தால் அதிக வெப்பம். சிவக்கக் காய்ந்து ஓடும் அந்த வால்வு, தன் வெப்பத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கைச் சீட்டின் வழியாகவும் மீதியைக் கைடின் வழியாகவும் வெளியேற்றுகிறது. சீட்டில் உட்கார்ந்திருக்கும் சிறு பொழுதே அதற்கு இளைப்பாறும் பொழுது. ஆகவே எக்ஸாஸ்ட் சீட்டின் அகலம் மிகக் குறுகலாக இருக்கக் கூடாது, 1.5 மி.மீ.க்குச் சற்று மேலேயே அப்பா வைத்தார். காற்று வேகமாகப் பாய வேண்டுமென்று பந்தயத்துக்குக் குறுக்குகிற பழக்கம் இங்கே உதவாது. டேப்பெட் இடைவெளியும் இம்மியளவு கூட்டிவைக்க வேண்டும். வெப்பத்தில் நீளும் வால்வு சீட்டில் முழுதும் அமராமல் தொங்கினால், அந்தக் கீற்று வழியே பாயும் தீ வால்வின் விளிம்பைத் தின்றுவிடும்.

உலோகம் அடுத்தது. இன்லெட் வால்வுக்குச் சிலிக்கான் – குரோமியம் எஃகு போதும். எக்ஸாஸ்டுக்கு ‘21-4’ என்னும் எஃகு. 21 விழுக்காடு குரோமியமும் 4 விழுக்காடு நிக்கலும் கொண்டது. அதற்கு மேல் போனால் இன்கோனல் என்னும் நிக்கல் கலவை. இதற்கெல்லாம் கடல் கடக்க வேண்டியதில்லை. சென்னையில் 1959-இல் தொடங்கி, பின்னர் ரானே என்ற பெயரோடு அறியப்பட்ட எஞ்சின் வால்வு நிறுவனம் நம் மாநிலத்திலேயே வளர்ந்தது. இன்னொரு வழி வியப்பானது: வால்வின் தண்டைக் குடைந்து உள்ளே சோடியம் இடுவது. 98 டிகிரியில் உருகும் சோடியம், வால்வு ஏறி இறங்கும்போது உள்ளே குலுங்கி, தலையின் வெப்பத்தைத் தண்டுக்குக் கடத்துகிறது. 1920-களில் சாம் ஹெரான் என்னும் பொறியாளர் இதை விமான எஞ்சின்களுக்காக உருவாக்கினார்; இரண்டாம் உலகப் போரில் சூப்பர்சார்ஜரோடு பறந்த மெர்லின் எஞ்சினிலும் இத்தகைய வால்வுகளே. வேதியியல் ஆய்வகத்தில் மண்ணெண்ணெய்க்குள் மூழ்கிக் கிடக்கும் அதே சோடியந்தான். அரைக் கிலோ மிகை அழுத்தத்துக்கு அது வேண்டாம் என்று நாங்கள் முடிவு செய்தோம். 21-4 எஃகே போதுமானது.

எக்ஸாஸ்ட் பக்கத்தில் கேமின் பாடும் கொஞ்சம் கூடுகிறது. புகை வால்வு திறக்கும் நேரத்தில் சிலிண்டருக்குள் இன்னும் 5 கிலோ அளவு அழுத்தம் மிஞ்சியிருக்கும். பாபநாசம் அணை 143 அடியும் நிரம்பியிருக்கும்போது அடியில் உள்ள அழுத்தத்தைவிட இது அதிகம். அதை எதிர்த்து ராக்கர் வால்வைத் திறக்க வேண்டும். கூடவே இரட்டிப்பு ஸ்பிரிங்கும் இருந்ததென்றால் கேமைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

கேமையே மாற்றலாமா என்று வண்டிக்காரர் கேட்டார். பந்தயக் கேம்களில் இரண்டு வால்வுகளும் சற்று நேரம் சேர்ந்தே திறந்திருக்கும். சாதாரண எஞ்சினில், வெளியேறும் புகை புதுக்காற்றை இழுத்துக்கொள்ள அது உதவும். ஊதும் எஞ்சினில் புதுக்காற்று பெட்ரோலோடு நேரே புகைக்குழாய்க்குள் போய்விடும். கம்பெனிக் கேமே நல்லது என்று சொல்லிவிட்டோம். டர்போ பூட்டிய டீசல் லாரிகளின் கதை வேறு; அங்கே தப்புவது வெறும் காற்றுதான், அது வால்வைக் குளிர்விக்கவும் செய்யும். ஆனால் அவற்றில் இன்லெட் சீட் தேய்வதை அப்பா அடிக்கடி காண்கிறார். உள்ளே எப்போதும் காற்றழுத்தம் இருப்பதால் கைடு வழியாகக் கசிந்து சீட்டை நனைக்கும் எண்ணெய் அங்கே இறங்குவதில்லை. காரணத்தை நான் படித்துச் சொன்னேன். தேய்வை அவர் இருபது ஆண்டுகளாக விரல் நுனியில் தடவி அறிந்திருந்தார்.

புதிய கேம், சாதாரண ஸ்பிரிங், எட்டு ஷிம், எட்டு எக்ஸாஸ்ட் வால்வு. இவற்றோடு வண்டி போயிற்று. 6200 சுற்றுக்கு மேல் போகவே கூடாது என்று ஸ்டீயரிங்கின் அருகில் சீட்டு ஒட்டிக் கொடுத்தார் அப்பா. ஆரியங்காவு ஏற்றத்தில் மூன்றாம் கியரிலேயே ஏறுகிறது என்று தொலைபேசியில் செய்தி வந்தது. பதினோராயிரம் கிலோமீட்டர் ஓடியபின் சென்ற மாதம் மேல்மூடியைத் திறந்தோம். கேமின் மூக்குகள் கண்ணாடிபோல் இருந்தன. எட்டு எக்ஸாஸ்ட் வால்வுகளில் ஏழின் இடைவெளி வைத்தபடியே இருந்தது. மூன்றாம் சிலிண்டரின் ஒன்று மட்டும் 0.03 மி.மீ. குறைந்திருந்தது. அதைச் சரி செய்துவிட்டு, “அடுத்த தடவை இதை முதல்ல பாக்கணும், எழுதி வையி” என்றார். அவருடைய கணக்கு நோட்டில் என் கையெழுத்தில் அது இருக்கிறது.